சொட்டை விழுந்த தட்டு

உமாதேவியின் தட்டில் நட்டநடுவே சொட்டை விழுந்திருந்தது. பக்கத்தில் யுவராணியின் தட்டிலோ இண்டு இடுக்கு விடாமல் பாய் விரித்த மாதிரி வளர்ந்து கிடந்தது.

பார்த்த மாத்திரத்தில் உமாதேவிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. இங்கேயும் இவள்தானா?

போன திருவிழாவில் முளைப்பாரி எடுத்தபோதும் இதே கூத்துதான். ஓரகத்தி யுவராணியின் முளைப்பாரி முழ உயரம் நின்றது. உமாதேவியுடையது நடுவில் அழுகி மண் தெரிந்தது. "யுவராணி கை வச்சா கல்லும் மொளைக்கும்" என்று மாமனார் தவசி சொன்னது மயிலாடும்பாறை முழுக்கக் கேட்டது. மூத்த மருமகள் என்று ஒருத்தி நிற்பதே யார் கண்ணிலும் படவில்லை.

இந்த வருசம் போட்டி எண்ணெயில் வந்து நின்றது. மூத்தவள் ஓமவல்லி வளர்த்தாள், இளையவள் திருநீற்றுப்பச்சிலை வளர்த்தாள். இரண்டிலிருந்தும் எண்ணெய் வடித்து, பெரியகுளத்தில் இருக்கும் இந்த ஆய்வுக்கூடத்தில் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார்கள்.

"எவ எண்ணெய் ஜெயிக்குதோ, அவ செடிதான் கெணத்தடி நெலம் பூரா. எண்ணெய்க் கொட்டகைச் சாவியும் அவகிட்டதான்" என்று தவசி முடிவாகச் சொல்லிவிட்டார். உமாதேவிக்கு நிலத்தைவிடச் சாவியின் மேல்தான் கண். அது யுவராணியின் இடுப்பில் தொங்குவதை நினைத்தாலே அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

எண்ணெய் கொடுத்த அன்றைக்கே ஆராய்ச்சி செய்யும் மகிமா எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னாள். யுவராணி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அந்தத் தலையோடு சேர்ந்து ஆடிய புது ஜிமிக்கி எத்தனை பவுன் இருக்கும் என்று கணக்குப் போடுவதிலேயே உமாதேவியின் பொழுது போய்விட்டது.

இன்றைக்கு முடிவு. மகிமா கதகதப்பான பெட்டிக்குள்ளிருந்து உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டுகள் இரண்டை எடுத்து மேசையில் வைத்தாள். மூடிகளின் மேல் ஆளுக்கொரு பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது.

"நல்லா வளந்திருக்கும், நானே இன்னும் பாக்கலைக்கா. ஐயா வரட்டும், எல்லாரும் சேந்து பாப்போம். அதுவரைக்கும் தொட்டுறாதீங்க. தப்பித் தவறித் தொட்டா சோப்புப் போட்டுக் கையைக் கழுவிருங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கேல் எடுக்கப் போனாள்.

யுவராணியின் போன் அடித்தது. "அக்கா, மாமா பஸ்ஸ விட்டு எறங்கிட்டாகளாம். நான் போயிக் கூட்டியாரேன், நீங்க இங்கனயே இருங்க" என்று தட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளும் வெளியே போனாள்.

அறையில் உமாதேவியும் இரண்டு தட்டுகளும்தான். தட்டுகளின் நடுவில் எண்ணெயில் நனைத்த பொட்டளவுத் தாள் ஒவ்வொன்று இருந்தது. அவளுடைய தாளைச் சுற்றித்தான் அந்தப் பாழாய்ப்போன சொட்டை. இதை மாமனார் பார்த்தால் முளைப்பாரிக் கதையை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார்.

மூடிகளை மெல்லத் தூக்கினாள். அவள் தட்டில் ஓமவல்லி வாசம் இன்னும் லேசாக இருந்தது. யுவராணியின் தட்டிலிருந்து குப்பென்று ஒரு கெட்ட வாடை அடித்தது. 'எரு போட்ட எடம் நாறத்தான செய்யும். அதான் இம்புட்டுச் செழிப்பு' என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

செய்வது தப்பு என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த ஜிமிக்கி கண்ணுக்குள்ளேயே ஆடியது. மூடிகளை மாற்றிப் போட்டாள். மகிமா சொன்னபடி சோப்புப் போட்டுக் கையையும் கழுவினாள்.

தவசியோடு உள்ளே வந்த யுவராணி தட்டுகளைப் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப்போனது. பக்கத்தில் வந்து உமாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா. யாரு ஜெயிச்சா என்ன, எல்லாம் ஒரே வீடுதான?"

தோற்றவளுக்கு வாயைப் பாரு என்று உமாதேவிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. "ஆமா புள்ள. சாவி ஏங்கிட்ட இருந்தாலும் நீயும் கொட்டகைக்கு வந்து போ" என்றாள் பெரிய மனசோடு.

தவசி குனிந்து பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"அடி ஆத்தீ! மூத்தவளுது என்னமா வளந்திருக்கு! ஓங் கையிலயும் ராசி இருக்குத்தா, நான்தான் இத்தன நாளாக் கவனிக்காம இருந்துட்டேன்."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் உமாதேவி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏங்கிக் கிடந்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தவசி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

ஸ்கேலோடு வந்த மகிமா செழித்துக் கிடந்த தட்டை ஓரமாக ஒதுக்கினாள். சொட்டைத் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துச் சொட்டையின் அகலத்தை அளந்தாள். பிறகு மூடியிலிருந்த பெயரைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி திரும்பினாள்.

"சாவியை ஆள் மாத்திக் குடுத்துட்டீங்கய்யா. வளந்து கெடக்குறது பூராக் கிருமி, அதைக் கொன்னு சொட்டை விழ வச்சது யுவராணி அக்கா எண்ணெய்!"