ஊர்வலக் குடிசை

"யாருய்யா உள்ளே? கதவைத் திற! இது வீடு இல்ல, ஊர்வல வண்டி!"

ஜோத்தம் ஓங்கித் தட்டினார். ஒஹாயோவில் 1840 ஜனாதிபதித் தேர்தல் சூடுபிடித்திருந்த நேரம். தங்கள் கட்சி வேட்பாளரான ஜெனரல் ரொம்ப எளிமையானவர் என்று ஜனங்களை நம்பவைக்க, வண்டிமேல் மரக்குடிசை கட்டியது அவர்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊர்வலம். மாநிலத் தலைவர்களே வருகிறார்கள்.

கதவிடுக்கில் வெளுத்துப்போன ஒரு முகம் தெரிந்தது.

"மன்னிச்சுக்குங்க ஐயா. மேற்கே குடிபோறவங்க நாங்க. வண்டி அச்சு முறிஞ்சுபோச்சு, என் பொண்டாட்டிக்கு வலி எடுத்திருச்சு. இங்கே தாழ்ப்பாள் கயிறு வெளியே தொங்குச்சு. அப்படித் தொங்கினா யார் வேணா உள்ளே வரலாம்னுதானே அர்த்தம்?"

ஜோத்தம் தட்டுவதை நிறுத்தினார். அழகுக்காக அந்தக் கயிற்றைத் தொங்கவிட்டதும் அவர்தான்.

எதிர்க்கட்சி ஈபனுக்கு ஒரே கொண்டாட்டம். ஆட்களோடு தெருவில் நின்று கைதட்டினான்.

"என்ன ஜோத்தம், ஏழைங்க கட்சின்னு தொண்டை கிழியக் கத்தினே! நிஜமா ஒரு ஏழை வந்ததும் கதவை உடைக்கிறே?"

"வாயை மூடுடா!"

உள்ளே அந்தப் பெண் அலறினாள். ஜோத்தம் குடிசையை அண்ணாந்து பார்த்தார். குடிசை இல்லாமல் என்ன ஊர்வலம்? ராப்பகலாய்க் கட்டியதாயிற்றே!

"மாட்டை அவிழ்த்துடுங்கப்பா," என்றார் கடைசியில். "குடிசை இங்கேயே நிக்கட்டும். யாராவது ஓடிப்போய் மருத்துவச்சியைக் கூட்டிட்டு வாங்க."

மருத்துவச்சி வந்ததுமே சத்தம் போட்டாள்.

"இந்தக் குளிர்ல பச்சைப் பிள்ளை தாங்குமா? அடுப்பை மூட்டுங்க!"

அடுப்பு இருந்தது. விறகுதான் இல்லை. முந்தின நாட்களில் பெய்த அடைமழையில் ஊர் விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. ஜோத்தம் அலைந்து திரிந்து வெறுங்கையோடு திரும்பியபோது, ஈபனும் ஆட்களும் கோடாரிகளோடு வந்துகொண்டிருந்தார்கள்.

பாவிகள்! குடிசையை உடைக்கவா வருகிறார்கள்? ஜோத்தம் கையை விரித்து வாசலை மறித்தார்.

"கிட்டே வந்தே, கொன்னுடுவேன்!"

"அட, தள்ளுய்யா!"

ஈபன் ஒரு கட்டு விறகை அவர் கையில் திணித்தான். அப்போதுதான் பிளந்த மரம், உள்ளே நன்றாகக் காய்ந்திருந்தது.

புகைபோக்கியில் புகை வந்தது. அப்புறம் குழந்தையின் அழுகையும் கேட்டது. ஜோத்தமுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த மழையில காய்ஞ்ச விறகு எங்கேடா கிடைச்சுது உனக்கு?"

ஈபன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எங்க கட்சிக் கொடிக்கம்பம்தான். மேலிடத்துல கேட்டா நீதான் வெட்டினேன்னு சொல்லப்போறேன். கோவிச்சுக்காதே!"