சின்னக் கை

ஓக்லஹோமாவின் சிற்றூர் ஒன்றில், துப்பாக்கிக் கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் காலை வெயில் சரிந்து கிடக்கிறது. கோழி இறைச்சி ஆலையில் இரவெல்லாம் பத்து மணி நேரம் நின்ற காலோடு நோரீன் வந்திருக்கிறாள். தனியாக வீடு திரும்பும் வழிக்கு ஒரு துப்பாக்கி வேண்டுமென்று ஒரு வருஷமாகக் கேட்கிறாள். "உன்னைப் பாத்தா திருடனே ஓடிடுவான்" என்று சிரித்தே தட்டிக்கழிக்கிறான் புருஷன் வெர்லின். கடைக்காரன் டுவேன், குண்டில்லை என்று திறந்து காட்டிவிட்டு, பாக்கெட்டில் அடங்கும் குட்டித் துப்பாக்கியை நீட்டுகிறான். ஓர் ஆப்பிள் கனம்தான். அவள் பிடிக்கிறாள், பிடியில் இரண்டு விரல்தான் கொள்கிறது, வீங்கிய மற்ற விரல்கள் வெளியே தொங்குகின்றன. டுவேன் நெற்றியைச் சுருக்குகிறான். "போன வாரம் வெர்லின் அண்ணன் இதையேதானக்கா உங்களுக்குன்னு வாங்கிட்டுப் போனாரு? 'அவளுக்குக் கை ரொம்பச் சின்னது, தனியா வர்றா, எனக்குத் தூக்கமே இல்ல'ன்னாரே!" கூரை விசிறி கறகறவென்று சுற்றுகிறது. வீட்டுக்கு எந்தத் துப்பாக்கியும் வரவில்லை. நோரீன் தன் அகன்ற கையை ஒருமுறை பார்த்துவிட்டு, துப்பாக்கியைக் கண்ணாடிமேல் சத்தமில்லாமல் வைக்கிறாள். "ஆமாப்பா, அது வீட்ல இருக்கு. இப்ப என் கைக்கு ஒண்ணு காட்டு." அவன் தந்த சற்றுப் பெரியதைக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்கிறாள். "வெளிய ஏதாவது தெரியுதா?" டுவேன் அவளை மேலும் கீழும் பார்க்கிறான். "ஒண்ணுமே தெரியலக்கா."