மார்னி வீட்டுப் பற்பொடி

"பல்லைக் காட்டு ஜோலீன்! எல்லாரும் பார்க்கட்டும்."

மார்னி சொன்னதும் ஜோலீன் ஈ என்று இளித்தாள். கூடமே கைதட்டியது.

அமெரிக்காவில், போர்ட்லண்டில் மார்னி வீட்டில் வியாழன்தோறும் கூடும் பெண்கள் கூட்டம் அது. கடைப் பற்பசை விஷம், அதில் இருக்கும் ஃப்ளோரைடு கடும் விஷம் என்பது அவர்கள் கட்சி. களிமண்ணும் புதினாவும் கலந்து மார்னி இடிக்கும் பற்பொடிதான் அவர்களுக்குச் சர்வரோக நிவாரணி.

"போன வருஷம் இவ பல்லுல வெள்ளை வெள்ளையாப் புள்ளி. சொத்தை ஆரம்பிக்குதுன்னு டாக்டர் பயமுறுத்தினார். இப்ப பாருங்க! எல்லாம் என் பொடி!"

ஜோலீன் தலை குனிந்துகொண்டாள். புள்ளியை ஆற்றியது டாக்டர் கொடுத்த ஃப்ளோரைடு பற்பசை. குளியலறை அலமாரியில் துண்டுகளுக்குப் பின்னால் அதை ஒளித்து வைத்திருந்தாள். கட்டியவன் விட்டுப் போனபின் அந்த ஊரில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட இவர்களை விட்டால் நாதியில்லை. இந்த ஒரு பொய்தான் அவளுக்கு இங்கே நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தது.

புதிதாகச் சேர்ந்திருந்த பிரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் இரண்டு வயது மகள்.

"என் பொண்ணுக்கும் அதே புள்ளிதான் ஜோலீன். டாக்டர் குடுத்த பேஸ்ட்டை நேத்து குப்பையில போட்டுட்டேன். போன வாரம் உன் பல்லைப் பார்த்தப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு."

குழந்தை வேறு அவளைப் பார்த்துச் சிரித்தது. முன்பல்லில் வெள்ளைப் புள்ளிகள்.

"போய் அதே பேஸ்ட்டைத் திரும்ப வாங்கு, பிரின்," என்றாள். "எனக்கு ஆறினதே அந்தப் பேஸ்ட்டாலதான்."

எல்லாத் தலைகளும் திரும்பின.

"என்னடி உளர்றே?" என்றாள் மார்னி.

"உளறலை. எச்சில்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்தை ஃப்ளோரைடுதான் திரும்பப் பல்லுல சேர்த்து வைக்குது. ஓட்டை விழறதுக்குள்ள ஆரம்பிச்சா ஆறிடும். குழந்தைக்கு ஒரு அரிசி அளவு போதும். களிமண்ணை நம்பினா இந்தப் பிஞ்சுப் பல்லு போயிடும்."

"இத்தனை நாளா எங்க தலையில மிளகாய் அரைச்சியா? பொய்க்காரிக்கு இங்க இடமில்லை. எழுந்திரு!"

ஒருத்தியாவது வாயைத் திறக்க மாட்டாளா என்று ஜோலீன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பிரின் மட்டும் மகளை வாரி எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. இனி வியாழக்கிழமை வந்தால் எங்கே போவது, யாரோடு பேசுவது? காருக்குள் உட்கார்ந்து அழுதாள்.

ஜன்னலைத் தட்டும் சத்தம். மார்னி! ஜோலீன் கேக் கொண்டுவந்திருந்த தட்டைத் திருப்பித் தர வந்திருந்தாள். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பைத்தியக்காரி! எங்க எல்லார் வீட்லயும் அந்தப் பேஸ்ட்தானே இருக்கு? நாங்கல்லாம் வாயை மூடிக்கிட்டு இருக்கலையா?"