கோதையின் விரதம்

"ஒரு வாய் மோராவது குடிங்கம்மா. இந்த வெயில்ல வெல்டிங் பண்ணிட்டு மயங்கி விழுந்துடப் போறீங்க," என்றார் சூப்பர்வைசர் ஜெய்சங்கர்.

"வேண்டாம் சார்." கோதை உலர்ந்த உதட்டைத் தடவிக்கொண்டாள். துவாக்குடியில் இருந்த அந்தப் பட்டறையில் அவள் ஒருத்திதான் பெண். அதை வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார் முதலாளி முரளிதரன்.

"நேத்து ஏகாதசின்னு நெனச்சேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை விரதமா? ஸ்ரீரங்கத்துக்காரங்கன்னா சும்மாவா!" என்றார் ஜெய்சங்கர்.

மறுத்துப் பேசக்கூட அவளுக்குத் தெம்பில்லை. சிரித்துவைத்தாள்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"ஜெய்சங்கர் சொன்னாரும்மா. பச்சைத் தண்ணி பல்லுல படாம விரதம் இருக்கீங்களாமே! உங்களுக்காகவே பின்னாடி காலி இடத்துல பெருமாளுக்குச் சின்னதா ஒரு கோயில் கட்டப்போறேன். நாளைக்கே பூமி பூஜை. சந்தோஷம்தானே?"

கோதை பின்பக்கம் கை காட்டினாள்.

"அந்த இடத்துலதான் சார் லேடீஸ் டாய்லெட் கட்டித்தாங்கன்னு சேர்ந்ததுலேருந்து கேட்டுட்டிருக்கேன். விரதமெல்லாம் ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்சா நான் எங்க சார் போறது?"