குமுதவல்லி இறங்கிய ஸ்டேஷன்

குமுதவல்லி வீட்டுக்குத் திரும்பிவிட்டாளாம். புருஷன் காலில் விழுந்து கதறினாளாம்.

அவள் அந்தத் தாளை மறுபடி படித்தாள். அவள் எழுதிய கதை அச்சாகி, பிழை திருத்தி அனுப்பச் சொல்லி, பத்திரிகையிலிருந்து காலைத் தபாலில் வந்த தாள்.

அடப் பாவி! யார் பெற்ற பெண்ணை யார் காலில் தள்ளுவது?

அவள் எழுதிய குமுதவல்லி யார் காலிலும் விழவில்லை. ரயிலில் போகிறாள். கதை முழுக்க அவள் மனசு ஓடுகிற ஓட்டம்தான். அம்மி வருகிறது, ஆறு வருகிறது, செத்துப்போன தங்கை வருகிறாள், எல்லாம் முன்னும் பின்னுமாக. பிறகு பெயர் தெரியாத ஒரு ஸ்டேஷனில் இறங்குகிறாள்.

அவ்வளவுதான் கதை.

எழுதி முடித்த அன்று, இத்தனையும் எனக்குள்ளேயா கிடந்தது என்று பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

பத்திரிகை ஆசிரியருக்குச் சூடாக நாலு வரி எழுதினாள். முடிவை மாற்ற உமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அப்புறம்தான் உறைக்குள் இன்னும் ஏதோ இருப்பதைக் கவனித்தாள்.

அவளுடைய கையெழுத்துப் பிரதி. ஒப்பிட்டுப் பார்க்க அனுப்பியிருந்தார்கள்.

பதினொரு பக்கம் அவள் எழுத்து.

பன்னிரண்டாவது பக்கத்தை அவள் எழுதவே இல்லை.

சாய்ந்து, சுழித்து, கோர்ட்டு குமாஸ்தாவின் எழுத்து. கட்டிய புருஷன் எழுத்து அவளுக்குத் தெரியாததா?

கூடத்தில் அவள் கணவர் சபாநாயகம் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கும் கோர்ட்டுக்குக் கிளம்பும்போதுதான் கதையை வாங்கிப் போனார். தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்று சிரித்தார்.

 அழுகை வரவில்லை.

ஆசிரியருக்கு எழுதியதைக் கிழித்துப் போட்டாள். அச்சுத் தாளில் அந்தக் கடைசிப் பத்தியை அடித்தாள். மசி மறுபக்கம் ஊறுகிற வரைக்கும் அடித்தாள். கீழே எழுதினாள்: இது நான் எழுதியதல்ல. குமுதவல்லி இறங்குவதோடு நிறுத்தவும்.

உறையை ஒட்டினாள்.

"முடிச்சாச்சா? குடு, போற வழியிலே போட்டுடறேன்."

சபாநாயகம் கையை நீட்டியபடி நின்றார்.

நீட்டிய கையில் பன்னிரண்டாம் பக்கத்தை வைத்தாள்.

கல்யாணமாகி ஆறு வருஷம். தபாலாபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. உறையோடு வாசலில் இறங்கினாள். எதிரே வந்த மோர்க்காரியிடம் வழி கேட்டாள்.

மோர்க்காரி அவளையும் பார்த்தாள், வாசலில் தாளும் கையுமாக நின்றவரையும் பார்த்தாள். கிழக்கே கை காட்டினாள்.

"ரொம்ப தூரமாச்சே, அம்மா."

"இருக்கட்டும்."