இணைப்பைத் துண்டிக்கக் கோரி

முறைப்படி எழுதிய கடிதத்தை மேசையே உரிய இடத்துக்கு அனுப்பிவிடும். அதனால் வகுப்பில் எழுதும்போது அனுப்புநர் இடத்தில் 'அ ஆ இ' என்றுதான் போட வேண்டும். பள்ளிக்குப் புதியவளான ரிஸ்வானாவிடம் அதைச் சொல்ல ஆசிரியர் தணிகாசலம் மறந்துவிட்டார். மின் இணைப்பைத் துண்டிக்கக் கோரும் அன்றைய பயிற்சிக் கடிதத்தில் அவள் தன் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதிவிட்டாள்.

மேசையில் பச்சை எழுத்து வந்தது: "கோரிக்கை ஏற்கப்பட்டது. தங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது."

"மொத கடிதமே பாஸாயிருச்சுடி," என்று பக்கத்துப் பெண் சிரித்தாள்.

"சார், வாப்பா மூச்சு மெஷின்ல இருக்காங்க. பேட்டரி ஒரு மணி நேரந்தான் நிக்கும்," என்றாள் ரிஸ்வானா.

தணிகாசலம் அவள் மேசைக்கு ஓடிவந்தார்.

"போன் பண்ணுங்க சார்."

"மின்வாரியத்துல போன் எடுக்க ஆளே கிடையாதும்மா. கடிதந்தான். அதுவும் நீ எழுதினாத்தான் ஏத்துக்கும். எழுது."

இணைப்பைத் திரும்பக் கேட்டு எழுதிய முதல் கடிதத்தில் 'பொருள்' வரி இல்லையென்று மேசை திருப்பியது. இரண்டாவதில் தேதி இல்லை. மூன்றாவதை அவர் வரிவரியாகச் சொல்ல, அவள் எழுதினாள்.

பச்சை எழுத்து வந்தது.

"தங்கள் கடிதம் கிடைத்தது. ஏழு வேலை நாட்களுக்குள் பதில் அளிக்கப்படும்."