தனலெட்சுமியை ஏமாற்ற முடியுமா?

"அக்கா, பாங்க்லருந்து பேசுறேன். உங்க பர்ஸு தொலைஞ்சிடுச்சா?"

தனலெட்சுமிக்குப் பகீரென்றது. ஜெலுத்தோங் பசாரில் மீன் வாங்கப் போய்ப் பர்ஸைப் பறிகொடுத்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறாள். அதற்குள் போன்!

"ஆமா. உங்களுக்கு யாரு சொன்னது?"

"ஒருத்தர் கண்டெடுத்து இங்க கொண்டாந்து கொடுத்தாருக்கா. ஏ.டி.எம். கார்டும் உள்ள இருக்கு. பத்திரத்துக்கு அதை உடனே நிறுத்திடலாம். ரகசிய நம்பரை மட்டும் சொல்லுங்க."

அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. பர்ஸுக்குள் வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டு இருந்தது. பர்ஸை அடித்தவனே பாங்க் ஆபீசர் வேஷம் போடலாமே! அந்தக் கணக்கில் இருப்பது, துறைமுகத்தில் மூட்டை தூக்கியே ஓய்ந்துபோன புருஷன் நல்லமுத்து விட்டுப்போன பணம். மகள் மீனாட்சியைக் காலேஜில் சேர்க்க அதைவிட்டால் வேறு வழியில்லை.

"தம்பி, யாருகிட்ட காது குத்துறே? நான் பாங்குக்கே போன் பண்ணிக் கேட்டுக்கிறேன்லா."

"தாராளமா கேளுங்கக்கா. வெச்சிட்டு உடனே பண்ணுங்க."

படாரென்று ரிசீவரை வைத்தாள். திருட்டுப் பயல், என்ன தேனாகப் பேசுகிறான்! பீரோவிலிருந்து பாங்க் புத்தகத்தை எடுத்து, அட்டையில் இருந்த நம்பரை, ரிசீவரை எடுத்த கையோடு அமுக்கினாள்.

மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள். மலாயில் வணக்கம் சொல்லி, பாங்கின் பெயரையும் சொன்னாள்.

"அங்க ஒரு பர்ஸு வந்திருக்கா?" தனலெட்சுமி வேண்டுமென்றே தன் பெயரைச் சொல்லவில்லை. சும்மா விடுவாளா?

"தனலெட்சுமி அக்காவா? பச்சைப் பர்ஸு, உள்ள பிள்ளையார் படம். எங்க ஆபீசர் மேசையிலதான் இருக்கு."

அப்பாடா! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாவம், அந்தப் பிள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்றுகூட இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"ரகசிய நம்பரை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொல்றீங்க?"

"யாராச்சும் கூப்பிட்டுக் கேட்டா சொல்லவே கூடாதுக்கா. இப்ப நீங்களாத்தானே எங்களைக் கூப்பிட்டிருக்கீங்க!"

நியாயமாகத்தான் பட்டது. நம்பரைச் சொன்னாள்.

"கார்டை நிறுத்தியாச்சு. சாயங்காலம் வந்து பர்ஸை வாங்கிக்குங்க."

ரிசீவரை வைத்துவிட்டு, ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிக்கலாம் என்று அடுப்படிக்குத் திரும்பினாள். பக்கத்து வீட்டு ஹபீபா பீவி வாசலில் நின்றாள்.

"தனம் அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு போன் பண்ணிக்கட்டுமா?"

"பண்ணு புள்ள. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. பாங்குன்னு சொல்லிக்கிட்டு எவனாச்சும் கூப்பிட்டா நம்பிடாதே. வெச்சிட்டு, நீயே பாங்குக்குப் பண்ணிக் கேளு. இந்தத் தனலெட்சுமியை ஏமாத்த முடியுமா?"

ஹபீபா சிரித்துக்கொண்டே ரிசீவரை எடுத்தாள். நம்பரை அமுக்கப் போனவள் அப்படியே நின்றாள். ரிசீவரின் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"அக்கா... டோனே வரலை. லைன்ல ஒரு பொம்பளை சிரிக்கிறா. கூட ஒரு பையன் சொல்றான், 'அந்தம்மா வெச்சாங்க, நாம வெக்கலையே, லைன் எப்படிக் கட்டாகும்! பாங்குக்குத்தான் பேசினோம்னு நினைச்சிக்கிட்டிருக்காங்க. அண்ணன் காசை எடுத்துட்டு வர்ற வரைக்கும் லைனை விட்டுடாதே'ங்கிறான்."